நியான் பூசியும் சட்டை மங்கலாகத் தெரிகிறதா?

வெள்ளைச் சட்டை முழுக்க ஆறேழு நியான் கலரில் வட்டமும் முக்கோணமும் வரைந்தும் இசைவிழாவுக்குப் போடுகிற மாதிரி கண்ணைச் சுழற்றவில்லை என்கிறீர்கள். கலர் அதிகம், அதுதான் சிக்கல். 1960களில் சான் பிரான்சிஸ்கோவில் கச்சேரி போஸ்டர் வரைந்த விக்டர் மொஸ்கோசோ, சிவப்பு-நீலம் போல ஒன்றோடொன்று மோதுகிற, ஆனால் வெளிச்சம் ஒரே அளவில் உள்ள நிறங்களை இடைவெளியில்லாமல் ஒட்டி வைத்தார். விளிம்பு நடுங்குவது போலத் தெரியும். இரண்டு நிறம் போதும், நடுவில் கறுப்புக் கோடு வேண்டாம். பெயிண்ட் கசிந்தால் எல்லாம் போச்சு. நீங்கள் மன்னார்குடிதானே, கும்பகோணம் பக்கம் தேரில் தொங்கவிடுகிற தொம்பை என்ற உருளைத் துணி அலங்காரம் தைக்கிறவர்களிடம் துணியை வெட்டி ஒட்டுத்தையலாகப் போடச் சொல்லுங்கள், கோடு கத்தி மாதிரி நிற்கும். முதுகில் மட்டும் போடுங்கள், முழுச்சட்டையும் என்றால் நம்மூர் புழுக்கத்துக்குத் தாங்காது. அப்புறம், சிவப்புத் துணியைத் தைக்கும் முன்பே அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.