மார்ச் மாதக் கல்லூரிக் கூடைப்பந்து: கூட்டமும் அரங்கமும் வருமானமும் (கேள்வி பதில்)

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.-வின் ஆடவர் கூடைப்பந்துப் போட்டி தொடக்கத்திலிருந்தே பணம் ஈட்டியதா?

பதில்: இல்லை. 1939-இல் எட்டு அணிகளுடன் நடந்த முதல் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஒரெகன் அணி ஒஹையோ ஸ்டேட்டை வென்றது. எவன்ஸ்டன் நகரின் பல்கலைக்கழக அரங்கில் அதைப் பார்த்தவர்கள் சுமார் 5,500 பேர். நடத்திய பயிற்சியாளர் சங்கத்துக்கு 2,531 டாலர் நட்டமானது. அடுத்த ஆண்டிலிருந்து என்.சி.ஏ.ஏ.-வே பொறுப்பேற்றது. 1938-இலேயே நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கியிருந்த என்.ஐ.டி. என்ற மற்றொரு கல்லூரிப் போட்டிக்குத்தான் அப்போது மதிப்பு அதிகம். பெருநகரமும் பேர்பெற்ற அரங்கமும் அதன் பக்கம் இருந்தன.

கேள்வி: கூடைப்பந்தை அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடத்துவது ஏன்? மேல்வரிசையில் இருப்பவருக்கு என்ன தெரியும்?

பதில்: பெரிய திரை தெரியும்! 1968 ஜனவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் ஹூஸ்டன், யு.சி.எல்.ஏ. அணிகள் மோதிய ஆட்டத்துக்கு 52,693 பேர் வந்தபோதே, கல்லூரி ஆட்டத்துக்கும் இத்தனை கூட்டம் சேரும் என்பது உறுதியாயிற்று. 1982-இல் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் மைக்கேல் ஜோர்டான் வெற்றிப் பந்தைப் போட்ட இறுதி ஆட்டத்தை 61,612 பேர் கண்டார்கள். கடைசி நான்கு அணிகள் மோதும் ‘ஃபைனல் ஃபோர்’ கட்டம் சாதாரணக் கூடைப்பந்து அரங்கில் கடைசியாக நடந்தது 1996-இல், நியூ ஜெர்சியில். 2009-இல் டெட்ராய்டில் ஆடுகளத்தை மைதானத்தின் நட்டநடுவே மேடைபோல் அமைத்துச் சுற்றிலும் இருக்கை போட்டதால் கூட்டம் எழுபதாயிரத்தைத் தாண்டியது. 2014-இல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் அரையிறுதிக்கு 79,444 பேர் வந்தார்கள். ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்க இருபதாயிரம் இருக்கை கொண்ட அரங்கமே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் பங்கேற்கும் கல்லூரிகளுக்கும் விளம்பரதாரர்களுக்கும் சீட்டு ஒதுக்கிய பின்னும் பொதுமக்களுக்கு விற்க இடம் மிஞ்ச வேண்டும் என்று நடத்துபவர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

கேள்வி: அப்படியானால் சீட்டு விற்பனைதான் முதன்மை வருமானமா?

பதில்: இல்லை, ஒளிபரப்பு உரிமைதான். சி.பி.எஸ்., டர்னர் நிறுவனங்கள் 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு ஒளிபரப்பு உரிமையை வாங்கின. 2016-இல் மேலும் 880 கோடி டாலருக்கு 2032 வரை நீட்டித்துக்கொண்டன. நீட்டித்த எட்டாண்டுகளுக்கு மட்டும் சராசரியாக ஆண்டுக்கு 110 கோடி. தொற்றுநோயால் 2020 போட்டி ரத்தானபோது, உறுப்பினர்களுக்குப் பகிரவிருந்த 60 கோடி டாலரை என்.சி.ஏ.ஏ. 22.5 கோடியாகக் குறைக்க நேர்ந்தது. மறு ஆண்டு எல்லா ஆட்டங்களையும் இந்தியானா மாநிலத்துக்குள்ளேயே, குறைந்த பார்வையாளர்களோடு நடத்தினார்கள். அரங்கம் காலியாகக் கிடந்தாலும் கேமரா ஓடினால் போதும் என்பதே அந்த முடிவின் உட்பொருள்.

கேள்வி: வென்ற கல்லூரிக்குப் பரிசுத்தொகை உண்டா?

பதில்: நேரடியாக இல்லை. இறுதி ஆட்டம் நீங்கலாக, ஓர் அணி ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ‘யூனிட்’ சேரும். ஒரு யூனிட்டின் மதிப்பு ஏறத்தாழ 20 லட்சம் டாலர்; அது ஆறு ஆண்டுகளாகப் பிரித்து, கல்லூரிக்கன்றி அது சேர்ந்துள்ள கான்ஃபரன்ஸுக்கு (கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு) வழங்கப்படும்.

கேள்வி: தொலைக்காட்சியில் முதல் சுற்று ஆட்டங்களில் காலி இருக்கைகள் தெரிகின்றனவே?

பதில்: அரங்குகள் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடும், எந்த அணி எங்கே ஆடும் என்பதோ ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர், அணிகளை அறிவிக்கும் ‘தேர்வு ஞாயிறு’ அன்றுதான் தெரியும். அதற்குள் விமானச்சீட்டும் விடுதியும் தேடித் தொலைதூர நகரத்துக்குப் போவது எல்லோராலும் இயலாது. மேலும், ஒரே சீட்டில் இரண்டு ஆட்டங்கள் அமையும்போது, தம் அணியின் ஆட்டம் முடிந்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள். போட்டியின் தொடக்க ஆட்டங்கள் நடக்கும் ஒஹையோவின் டேட்டன் நகரம் மட்டும் விதிவிலக்கு: யார் ஆடினாலும் அவ்வூர் மக்கள் வருவார்கள்.

கேள்வி: மகளிர் போட்டியின் நிலை என்ன?

பதில்: அங்கே தரவரிசையில் முதல் 16 இடம்பெறும் அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தம் சொந்த அரங்கிலேயே நடத்துகின்றன. கூட்டம் நிறைகிறது, செலவும் குறைகிறது. வெளியூர் அணிக்குத்தான் பாதகம். 2024 இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தனர். ஆடவர் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி. அப்படியிருந்தும் மகளிர் ஆட்டங்களுக்கு யூனிட் தொகை வழங்கும் முறை 2025 போட்டியில்தான், முதலாண்டு நிதி 1.5 கோடி டாலராக, நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு காலம் தாமதித்ததற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.