பித்தளைக் குடத்துக்கு வந்த பேட்டன்ட் நோட்டீஸ்

கேள்வி: திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறை நடத்துகிறேன். ஸ்பின்னிங் (தகட்டைச் சுழற்றி அழுத்தி வடிவம் கொடுப்பது) முடிந்த குடங்களை உலையில் சுமார் 280 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்போம். அப்படிச் செய்யாவிட்டால் கடைக்குப் போன சில மாதங்களில் கழுத்துப் பக்கம் தானாக விரிசல் விடும். அப்பா 2009இல் ஆரம்பித்த வழக்கம் இது. இப்போது ஒரு போட்டி நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இந்த முறை அவர்களுடைய பேட்டன்டாம். எண் 202141 என்று தொடங்குகிறது. 15 நாளில் நிறுத்திவிட்டு 10 லட்சம் நஷ்டஈடு தர வேண்டுமாம். முதலில் செய்தவர்கள் நாங்கள்தானே? நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த கவரையும் தூக்கிப் போட வேண்டாம். பேட்டன்ட் இருப்பதே தெரியாமல், தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லாமல் ஒருவர் மீறியிருந்தால், அவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது என்கிறது பேட்டன்ட் சட்டத்தின் 111ஆவது பிரிவு. நேற்று வரை உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தது. நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிய தேதியோடு அது போய்விட்டது. அந்தத் தேதியை எங்காவது குறித்து வையுங்கள்.

அடுத்து, அந்த எண்ணைப் பாருங்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட பேட்டன்டுக்கு இப்போது ஆறு இலக்க எண்தான். 2021 என்று ஆண்டில் தொடங்கி 12 இலக்கம் ஓடுவது விண்ணப்ப எண். ஆண்டுக்கு அடுத்து வரும் 4, சென்னை அலுவலகத்தில் தாக்கல் ஆனதைக் காட்டுகிறது. விண்ணப்பம் போட்ட கையோடு ‘எங்கள் பேட்டன்ட்’ என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. விண்ணப்பம் வெளியிடப்பட்டதிலிருந்து அவர்களுக்குச் சில உரிமைகள் சேரத் தொடங்கும் என்பது உண்மை. ஆனால் பேட்டன்ட் கையில் வரும் வரை வழக்குப் போட முடியாது (பிரிவு 11ஏ). பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, வழங்கப்பட்டிருந்தால் ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் இலவசமாகவே தெரிந்துவிடும். கட்டணம் கட்டாமல் காலாவதியான பேட்டன்டைக் காட்டி வந்த நோட்டீஸையும் பார்த்திருக்கிறேன்.

சரி, பேட்டன்ட் உயிரோடுதான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ‘நாங்கள்தானே முதலில் செய்தோம்’ என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் சட்டம் அதை நீங்கள் நினைக்கிற மாதிரி பார்ப்பதில்லை. முன்பே செய்துகொண்டிருந்தவர் தொடர்ந்து செய்துகொள்ளலாம் என்று சில நாடுகளில் தனிச் சலுகை உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. இங்கே உங்கள் பழைய வழக்கம் ஒரே வழியில்தான் உதவும். விண்ணப்பத் தேதிக்கு முன்பே இந்த முறை இந்தியாவில் வெளிப்படையாகப் பயன்பாட்டில் இருந்தது, அதனால் இதில் புதுமை இல்லை என்று காட்டி, 64ஆவது பிரிவின் கீழ் பேட்டன்டையே ரத்து செய்யக் கேட்கலாம். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. ரகசியமாகப் பயன்படுத்தியதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. தொழில் ரகசியம் என்று அப்பா உலைப் பக்கம் யாரையும் விடாமல் வைத்திருந்தால், 2009 என்ற ஆண்டுக்கு மதிப்புக் குறைவு. வெளி ஆட்களுக்குக் கூலிக்குச் சூடு வைத்துக் கொடுத்திருக்கிறீர்களா? வாங்க வந்த வியாபாரிகள் நின்று பார்த்திருக்கிறார்களா? வேலை கற்றுப்போனவர்கள் வேறு பட்டறைகளில் இதையே செய்கிறார்களா? உங்கள் கடிதத்தில் இல்லாத இந்த விவரங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தேவை.

பாத்திரத் தொழிலில் இது புதுச் சண்டையும் இல்லை. பேட்டன்ட் வழக்கென்றால் இன்றும் முதலில் எடுத்துக்காட்டப்படும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே மிர்சாபூர் பாத்திரக்காரர்கள் இருவருக்கு இடையே நடந்ததுதான். லேத்தில் கடையும்போது பாத்திரம் எகிறிப் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு ஒருவர் 1951இல் பேட்டன்ட் கேட்டு வாங்கியிருந்தார். அலகாபாத் தனி நீதிபதி அதை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் அது பிழைத்தது. கடைசியில் 1978இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. ஏற்கெனவே தெரிந்த கருவியில் பட்டறைக்காரர் யாரும் செய்யக்கூடிய சின்ன மேம்பாடு கண்டுபிடிப்பாகாது என்பதுதான் காரணம். பேட்டன்ட் வழங்கப்பட்டதாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் தெம்பு தருவது குதிரை லாயம்! ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக வெடிப்பு விட்டன. லாயத்தில் அடுக்கி வைத்ததும், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும், உறையை வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. 1921இல் ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கி எழுதினார்கள். மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் பரிகாரம். உங்கள் குடத்தின் கழுத்தில் நடப்பதும் இதேதான். வெளிநாட்டில் அச்சான ஆவணமும் புதுமையை உடைக்கச் செல்லும். உலோகவியல் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தால் பழைய பாடப்புத்தகங்களிலிருந்தே பக்கம் பக்கமாக எடுத்துத் தருவார்.

ஆனால் அவர்கள் வக்கீலும் முட்டாளாக இருக்க மாட்டார். எனவே பேட்டன்டோடு இருக்கும் விவரக் குறிப்பின் கடைசியில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களை, அதாவது எதெல்லாம் தங்களுக்கே உரியது என்று அவர்கள் கேட்கும் வரிகளை, வரி வரியாகப் படிக்க வேண்டும். வெறும் ‘250 முதல் 300 டிகிரி, ஒரு மணி நேரம்’ என்றிருந்தால் பழசைப் புதுசாக விற்கிறார்கள். ‘இன்ன பூச்சு தடவி, இன்ன வாயுச் சூழலில்’ என்று கூடுதலாக எதையாவது சேர்த்துத்தான் பேட்டன்ட் வாங்கியிருந்தால், அந்தக் கூடுதல் அம்சம் உங்கள் பட்டறையில் இல்லாதபோது மீறல் என்ற பேச்சே எழாது.

பதிலை வக்கீல் மூலம் 15 நாளுக்குள் அனுப்புங்கள். பேட்டன்ட் எண், வழங்கிய தேதி, எந்த உரிமைக்கோரலை மீறினோம் என்று கேட்டால் போதும். உங்கள் சூடு, நேரம் எதையும் அதில் எழுத வேண்டாம். போனிலும் பேசாதீர்கள். செய்முறை பேட்டன்ட் வழக்குகளில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ‘நீங்கள் வேறு முறையில்தான் செய்கிறீர்கள் என்று நிரூபியுங்கள்’ என நீதிமன்றம் உங்கள் பக்கம் பாரத்தைத் திருப்ப முடியும் (பிரிவு 104ஏ). எதைச் சொல்கிறோம் என்பதை அளந்து சொல்ல வேண்டும்.

விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால் கிண்டியில் உள்ள பேட்டன்ட் அலுவலகத்தில் எதிர்ப்பு மனு போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம். வழங்கிவிட்டார்கள் என்றால், அந்த அறிவிப்பு வெளியாகி ஓராண்டுக்குள் அங்கேயே பாதிக்கப்படுகிறவராக எதிர்க்கலாம். ஓராண்டு தாண்டியிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுதான். ஆதாரமில்லாத மிரட்டல் என்றால் 106ஆவது பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம் என்றாலும், உரிமைக்கோரலைப் படிக்காமல் அந்தப் பக்கம் போக மாட்டேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, அப்பாவின் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்குவது. கூலி பில், டெலிவரி சலான், உலைக்கு வாங்கிய வெப்பமானியின் ரசீது என எதில் 2021க்கு முந்தைய தேதி இருந்தாலும் எடுத்து வையுங்கள். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் புதுத் தாளில் பெயர்த்து எழுதிவிடாதீர்கள். கறையோடுதான் அதற்கு மதிப்பு. வாட்ஸ்அப்பில் வியாபாரிக்கு அனுப்பிய செய்திகள் இருந்தால் அந்த போனை மாற்ற வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். வேலையை விட்டுப்போன பழைய உலைக்காரர் எங்கே இருக்கிறார் என்றும் விசாரித்து வையுங்கள்.