சேற்றைச் சுற்றிப் போகிறவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விளையாட்டு, பொழுதுபோக்கு, சுற்றுலா ஆகியவற்றின் சூழல் மேலாண்மை என்ற பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெயரைச் சொன்னாலே சிரிக்கிறார்கள். ஊர் சுற்றுவதற்கும் பந்து விளையாடுவதற்கும் ஒரு பட்டமா என்கிறார்கள். எனக்குக் காடும் கடலும் உயிர், அதனால்தான் சேர்ந்தேன். ஆனால் பாடங்கள் புள்ளியியல், மண்ணியல், கழிவுநீர் என்று போகின்றன. சலிப்பாக இருக்கிறது. அடுத்த ஆண்டு அவற்றைத் தவிர்த்துவிட்டுச் சூழல் தத்துவம், சுற்றுலா விளம்பரம் ஆகியவற்றை எடுக்கலாமா? இன்னொன்று. மனிதர்கள் போகாமல் இருப்பதுதானே இயற்கைக்கு நல்லது? அப்படியென்றால் இந்தப் படிப்புக்கே என்ன பொருள்?

எம்.

அன்புள்ள எம்.,

சிரிப்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். உலகம் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருவது என்று 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவு பெரிய ஒன்றை யாராவது உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் கழிவுநீர் சலிப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவுக்குப் போனவர்களுக்கும் கடல் உயிர்தான். கடலைப் பிடிக்காத யாரும் அங்கே போய் அறை எடுக்கவில்லை. அந்த அறைகளின் கழிவு எங்கே போகிறது என்று கேட்கத்தான் ஆளில்லை. மணலுக்கடியில் திருட்டுத்தனமாகப் புதைத்த குழாய்கள் வழியாக அது அதே கடலில் கலந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரலில் அரசு தீவையே ஆறு மாதத்துக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது. தோண்டித் தோண்டிக் குழாய்களைத் தேடினார்கள். அந்த நேரத்தில் தேவைப்பட்டவர், நீங்கள் தவிர்க்க நினைக்கும் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர். கடல்மேல் அன்பு இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு விடுதியிலிருந்து நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர் வெளியேறும் என்று கணக்குப் போடத் தெரியாமல் அந்த அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?

சரி, கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சில வாரங்களாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'யாருமே போகக்கூடாது' என்பதற்கு ஒரு தம்பி உண்டு. 'கொஞ்சம் பேர் போனால் கொஞ்சமாகத்தான் கெடும்' என்பது அவன் பெயர். பார்க்க நல்ல பிள்ளை. அதிக நாசம் செய்வது அவன்தான்.

டேவிட் கோல், நீல் பேஃபீல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993இல், மனிதர்கள் நடப்பதால் செடிகொடிகள் எவ்வளவு கெடுகின்றன என்று அளப்பதற்கு ஒரு பொது முறையை வகுத்தார்கள். அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் செடிகொடிகள் உள்ள நிலத்தைப் பட்டை பட்டையாகக் குறித்துக்கொள்வது. ஒரு பட்டையில் 25 முறை நடப்பது, அடுத்ததில் 75, பிறகு 200, 500. ஒரு பட்டையில் யாரும் கால் வைப்பதே இல்லை. அப்புறம் எது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பது. இப்படிப்பட்ட அளவீடுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது இது: மென்மையான தாவரங்கள் உள்ள இடத்தில் முதல் சில காலடிகளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை பேர் நடந்தாலும் கூடுதலாகக் கெடுவது குறைவு. தரையோடு படிந்த புல் வெகுவாகத் தாங்கும், நிழலில் வளரும் அகன்ற இலைச் செடி தாங்காது.

இதன் பொருளை நிதானமாக யோசியுங்கள். 200 பேர் ஏற்கெனவே தேய்ந்த ஒரே பாதையில் போனால் புதிதாகக் கெடுவது சொற்பம். அதே 200 பேர், கூட்டம் வேண்டாம் என்று எட்டு வழிகளில் இருபத்தைந்து இருபத்தைந்து பேராகப் பிரிந்து போனால் எட்டுப் புதிய காயங்கள். யாரும் காணாத இடம் வேண்டும் என்று பாதையை விட்டு இறங்குகிறாரே, அந்த இயற்கை நேசர், அவர்தான் முதல் காலடிக்காரர். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்த ஆசை அதிகம் வரும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒருமுறை மலைப்பாதை ஒன்றில் பராமரிப்பு வேலை செய்யும் பெரியவர் ஒருவருடன் நாள் முழுக்க இருந்தேன். பாதை நடுவே ஒரு சேற்றுக்குழி. வருகிறவர்கள் எல்லோரும் காலணி நனையக்கூடாது என்று ஓரப் புல்லில் ஏறிச் சுற்றிப் போனார்கள். புல் தேய்ந்து அங்கேயும் சேறாக, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறார். ஓர் ஆள் நடக்கும் தடம் மாட்டுவண்டி போகும் அளவுக்கு அகன்றிருந்தது. பெரியவர் அறிவிப்புப் பலகை எதுவும் வைக்கவில்லை. முதலில் குழிக்கு மேலே, பாதையின் குறுக்கே சாய்வாகக் கற்களைப் பதித்துத் தண்ணீரைச் சரிவுக்குத் திருப்பினார். குழியில் தட்டையான கற்களை இறக்கினார். பிறகு இரண்டு ஓரத்திலும் கரடுமுரடான பாறைகளை ஒன்றுவிட்டு ஒன்று புரட்டிப் போட்டார், கால் வைத்தால் இடறும்படி. பின்மதியம் வந்தவர்கள் யோசிக்காமலே நடுவில் நடந்து போனார்கள். 'சொன்னா கேக்க மாட்டாங்க, கால் கேட்கும்' என்றார். அவர் செய்ததுதான் உங்கள் படிப்பு.

எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரு நாட்டில் மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா மலைப்பாதையில் சுமைதூக்குபவர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காக மூடிவிடுவார்கள். அண்டார்க்டிகாவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையிறங்கக்கூடாது. ஆனால் தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பாருங்கள். 2018இல் மூடினார்கள், 2022இல் திறந்தார்கள். ஆட்களைக் குறைத்ததோடு நிற்கவில்லை, படகுகளை விரிகுடாவுக்குள்ளேயே விடவில்லை. தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வரவேண்டும். நங்கூரம் விழாத இடத்தில் பவளத்தை மீண்டும் நட முடிகிறது. கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்திருக்கின்றன. எத்தனை பேர் என்பதோடு எந்த வாசல் வழியாக, எதில் ஏறி வருகிறார்கள் என்றும் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

விளம்பரப் பாடத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தத்துவத்தை நூலகத்தில் படித்துக்கொள்ளலாம். மண்ணியல், கழிவுநீர், புள்ளியியல் மூன்றையும் எடுங்கள்.

விளையாட்டுப் பக்கத்தை மறந்துவிட்டேன். செயற்கைப் புல் மைதானங்களில் பழைய டயர்களை அரைத்த கறுப்பு ரப்பர் துகள்களை நிரப்புகிறார்கள். காலணியிலும் மழைநீரிலும் அது வெளியே போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அந்தத் துகள்களின் விற்பனைக்குத் தடை விதித்து, மாற்றிக்கொள்ள எட்டு ஆண்டு அவகாசம் தந்திருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியொரு மைதானம் இருந்தால் அடுத்த பெருமழைக்கு மறுநாள் வடிகால் வாயில் குனிந்து பாருங்கள். துகள் கிடந்தால் அந்த வடிகால் எந்த ஓடையில் போய் விழுகிறது என்று கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.