சிங்கப்பூரில் 12 வாரப் பயிற்சி: நகையை வைக்கலாமா, சீட்டை எடுக்கலாமா?

கேள்வி: பாலக்கோட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மகள் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மே மாதம் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மாதம் 1,500 சிங்கப்பூர் டாலர் தருவார்களாம். டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் செலவு. எப்படியும் 3 லட்சம் ஆகும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். பேங்கில் 2 லட்சம் டெபாசிட் இருக்கிறது. 8 பவுன் நகை இருக்கிறது. 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நகையை வைக்கலாமா, சீட்டைத் தள்ளி எடுக்கலாமா? சனி, ஞாயிறில் ஊரைச் சுற்றிப் பார்க்க மாதம் 300 டாலர் தனியாக வேண்டும் என்கிறாள் மகள். "வேலை கத்துக்கப் போறாளா, ஊர் சுத்தப் போறாளா" என்று அவள் அப்பாவுக்குக் கோபம். உறவுக்காரர் ஒருவர் அங்கே 600 டாலருக்கு ரூம் பார்த்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 3 லட்சத்தை மறந்துவிடுங்கள் அம்மா. அது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன தொகை. கையில் எவ்வளவு இருந்தால் கிளம்பலாம் என்பது ஒரு கணக்கு, கடைசியில் எவ்வளவு செலவாகிறது என்பது வேறு கணக்கு. உங்கள் கடையில் சரக்கு எடுக்கும் பணத்துக்கும் நஷ்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுவும்.

ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் மாற்றும் நாளில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இனி டாலர் என்று சொல்வதெல்லாம் சிங்கப்பூர் டாலர்தான்.

ரூமிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரிய செலவும் பெரிய ஆபத்தும் அங்கேதான். உறவுக்காரர் சொல்லும் 600 டாலர் ரூம் அநேகமாக வீவக வீட்டில் இருக்கும். வீவக என்றால் அங்கே அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த வீடுகளில் ஓர் அறையை வாடகைக்கு விட வேண்டுமென்றால் குறைந்தது 6 மாதத்துக்கு விட வேண்டும் என்பது சட்டம். தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம். உங்கள் மகள் போவது 12 வாரத்துக்கு, அதாவது 84 நாள். மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. "யாரும் கேட்க மாட்டாங்க" என்று உறவுக்காரர் சொல்லலாம். கேட்டால் நடு வாரத்தில் பெட்டியோடு வெளியே நிற்கப்போவது உங்கள் பெண். அந்த ரூம் வேண்டாம். அனுமதி பெற்ற மாணவர் விடுதியில் ஒரு படுக்கை, இல்லையென்றால் தனியார் வீட்டில் முழு 3 மாத ஒப்பந்தம். இரண்டில் ஒன்றை கம்பெனியிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருவர் தங்கும் அறையில் மாதம் 800 டாலர், ஒரு மாத வாடகை அட்வான்ஸ் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

சாப்பாட்டுக்கு பயப்பட வேண்டாம். உணவங்காடி நிலையம் என்று பேட்டைக்குப் பேட்டை உண்டு. ஒரு வேளைக்கு 4 முதல் 6 டாலருக்குள் வயிறு நிறையும். லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் போனால் தோசையும் உண்டு. ரூமில் காலைக்கு ஏதாவது செய்துகொண்டால் நாளைக்கு 13 டாலர் போதும். 84 நாளுக்கு சுமார் 1,100 டாலர். ரயில், பஸ், போன் எல்லாம் சேர்த்து மூன்று மாதத்துக்கு 360. வாடகை 2,400. ஆக மொத்தம் 3,860 டாலர்.

வரவு? 12 வாரத்துக்கு சுமார் 4,150 டாலர் வரும். அப்பாடா, மிச்சம் 290 என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டவர் அங்கே ஒரு காலண்டர் ஆண்டில் 60 நாள் வரை வேலை செய்தால் சம்பளத்துக்கு வரி இல்லை. அதைத் தாண்டி 183 நாளுக்குள் என்றால் குறைந்தது 15 சதவீதம் வரி. 84 நாள் என்பதால் 620 டாலர் அதில் போகும். இதை ஏஜென்ட்டும் சொல்வதில்லை, சீனியர்களும் சொல்வதில்லை. ஊருக்குத் திரும்பும்போதுதான் தெரிய வருகிறது. ஆக மொத்தத்தில் 330 டாலர் துண்டு விழும்.

இப்போது அந்த சனி, ஞாயிறு. இதில் நான் உங்கள் மகள் கட்சி. ஆனால் அவள் சொல்லும் தொகைக்கு இல்லை.

நான் இருபத்திரண்டு வயதில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சிக்காக பம்பாயில் ஆறு மாதம் இருந்தேன். மாட்டுங்காவில் இட்லி, ரூமில் தூக்கம், இப்படியே எல்லா ஞாயிறும் போயிற்று. எலிபெண்டாவுக்குப் படகில் கூப்பிட்டார்கள், காசு வீண் என்று போகவில்லை. மிச்சம் பிடித்த பணம் எதில் கரைந்தது என்று இன்று சத்தியமாக நினைவில்லை. நம் ஊரிலேயே பாருங்கள், ஒகேனக்கல் தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஒரு முறைகூட பரிசலில் ஏறாதவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய பேர் இருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் நல்ல விஷயம் என்னவென்றால், பார்க்க வேண்டியதில் பாதிக்கு டிக்கெட்டே கிடையாது. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தாவரவியல் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் கண்ணாடிக் குடில்கள் மாதிரி சிலவற்றுக்குத்தான் காசு. வெளித்தோட்டமும், இரவில் அங்கே ராட்சத செயற்கை மரங்களில் பாட்டோடு நடக்கும் விளக்குக் காட்சியும் இலவசம். எஸ்பிளனேட் அரங்கில் வார இறுதியில் இலவசக் கச்சேரிகள் நடக்கும். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில். கிழக்குக் கரையோரப் பூங்காவில் சாயங்காலம் முழுக்க நடக்கலாம். சாங்கியிலிருந்து படகேறி புலாவ் உபின் தீவுக்குப் போனால் பழைய கிராமத்துச் சிங்கப்பூர் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு நகரம் தண்ணீரை, குப்பையை, பஸ்ஸை எப்படி வைத்திருக்கிறது என்று பார்ப்பது இன்ஜினியரிங் படிக்கும் பெண்ணுக்குப் பாடம்தான் என்று அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். லாரியில் பல ஊர் பார்த்தவர், அவருக்குப் புரியும்.

அதனால் வாரத்துக்கு 25 டாலர், 12 வாரத்துக்கு 300. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா மாதிரி ஒரே ஒரு பெரிய நாளுக்கு 100. மொத்தம் 400 டாலர். அவள் கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஆனால் இந்தப் பணத்துக்கு அவள் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம், நீங்களும் கேட்க வேண்டாம்.

உண்மையில் பணம் கரைவது ஊர் சுற்றுவதில் இல்லை, முஸ்தபா சென்டரில். ராத்திரி வெகுநேரம் வரை திறந்திருக்கும் பெரிய கடை. கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் சித்தி ஒரு சென்ட், மாமா ஒரு போன், அத்தை ரெண்டு கிராம் தங்கம் என்று பட்டியல் வரும். வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு வருபவர்களுக்குத்தான் நகைக்குச் சுங்கச் சலுகை. மூன்று மாதத்தில் திரும்புபவளுக்குக் கிடையாது. "பணம் முன்னாடி அனுப்பினால் வாங்கி வருகிறாள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பட்டியல் தானாகச் சுருங்கும்.

சரி, கையில் எவ்வளவு வேண்டும்? பெங்களூரிலிருந்து போக வர டிக்கெட் 30,000, பயணக் காப்பீடு 3,000, அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் 1,600 டாலர் அதாவது 1,12,000, முதல் மாதச் சாப்பாடும் போக்குவரத்தும் 500 டாலர் அதாவது 35,000. மொத்தம் 1,80,000. இரண்டாம் மாதத்திலிருந்து அவள் சம்பளமே அவளைப் பார்த்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் அட்வான்ஸும் வரி போக மீதிச் சம்பளமும் வந்துவிட்டால், உங்கள் கையை விட்டு நிஜமாகப் போனது சுமார் 84,000 ரூபாய்தான். துண்டு விழுந்த 330, ஊர் சுற்றிய 400, டிக்கெட், காப்பீடு, அவ்வளவே.

ஐந்து மாதத்தில் பாதி திரும்பி வரப்போகிற பணத்துக்காகச் சீட்டை எடுக்காதீர்கள். 2 லட்சச் சீட்டை 40,000 தள்ளி எடுத்தால் அந்த 40,000 போனது போனதுதான். பேங்கில் டெபாசிட் ரசீதின் மேல் கடன் கேளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள், உங்கள் 2 லட்சத்துக்கு 1,80,000 கிடைக்கும். வட்டி, டெபாசிட்டுக்கு அவர்கள் கொடுப்பதைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். டெபாசிட்டும் உடையாமல் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து மாதத்துக்கு உங்களுக்கு உண்மையான பாரம் 750 முதல் 1,500 ரூபாய். நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஓர் அவசரம் என்றால் அப்போது 2 பவுனை மட்டும் எடுத்துப் போகலாம்.

அந்த அவசரம் எங்கிருந்து வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் வேலையை விட்டுக் கிளம்பும்போது, கம்பெனி குறைந்தது ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, தர வேண்டிய சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். வரி தீர்ந்த பிறகுதான் மீதி வரும். கடைசிச் சம்பளம் இப்படிக் கட்டாயம் மாட்டும். தேதி ஒத்துவராவிட்டால் அதற்கு முந்தையதும் மாட்டலாம். அதனால் அங்கே திறக்கும் பேங்க் கணக்கைக் கிளம்பும் நாளில் மூடக் கூடாது. மீதி வந்த பிறகு அனுப்பிக்கொள்ளலாம். நம் யூபிஐயும் அவர்களுடைய பேநவ் என்ற பணம் அனுப்பும் வசதியும் 2023 பிப்ரவரியிலேயே இணைந்துவிட்டன, இரண்டு பக்கமும் அந்த வசதி உள்ள பேங்க்காக இருந்தால் போதும்.

கார்டு விஷயத்தில் இரண்டு சொல்கிறேன். கடையில் மெஷின் "ரூபாயா, டாலரா" என்று கேட்டால் டாலரையே அழுத்தச் சொல்லுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடும் விகிதத்தில் நஷ்டம். ரயிலில் நம் ஊர் கார்டைத் தட்டினால் பயன்படுத்தும் நாளுக்கு 60 சென்ட் தனியாகப் பிடிப்பார்கள், அங்கேயே ரயில், பஸ்ஸுக்கான ஓர் ஈஸிலிங்க் கார்டு வாங்கிக்கொள்ளட்டும். நீங்கள் இங்கிருந்து அனுப்பும் பணம் நிதியாண்டில் 10 லட்சத்துக்குள் இருப்பதால் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே பேங்க் பிடிக்கும் வரி, கிடையாது.

இன்னொன்று. சம்பளம் ரூபாயில் 3 லட்சத்துக்குள்தான் வருகிறது, இங்கே வரி இல்லை. ஆனாலும் அவள் பெயரில் வெளிநாட்டுக் கணக்கு இருந்ததால் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தே ஆக வேண்டும். ஐடிஆர் 2 படிவத்தில், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். பான் கார்டு இல்லையென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

பேங்குக்கு நீங்கள் போவதற்கு முன்னால், மகள் கம்பெனிக்கு இன்றே ஒரு மெயில் போடட்டும். முதல் சம்பளம் எந்தத் தேதியில் வரும், வரிக்காக எந்த மாதச் சம்பளத்தை நிறுத்துவீர்கள் என்று இரண்டே கேள்வி. முதல் சம்பளம் ஜூன் நடுவில்தான் என்று பதில் வந்தால் மேலே சொன்ன 1,80,000-உடன் இன்னொரு 60,000 ரூபாய் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது அந்த 2 பவுன்.