காபியிலயும் நுரை, மார்க்கெட்லயும் நுரையா?

கேள்வி: சார், என் பையன் ஷேர் மார்க்கெட் சேனல் போட்டா "ஸ்மால்கேப்ல ஃப்ராத் இருக்கு"ன்னு சொல்றாங்க. ஃப்ராத்னா காபி நுரைதானே? அப்புறம் அவன் இங்கிலீஷ் பாடத்துல ஒருத்தர் கோபத்துல "ஃப்ராத்திங் அட் த மவுத்"னு வருது, அதை வாயில நுரை தள்ளுதுன்னு தமிழ்ல எழுதலாமா? - ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அதே நுரைதாம்மா. டம்ளர்லேர்ந்து டபராவுக்கு தூக்கி ஆத்தும்போது காத்து உள்ள போகுது, பால்ல இருக்கற புரதம் அந்த காத்தை சுத்தி பிடிச்சுக்குது, டம்ளர் நிறைஞ்ச மாதிரி தெரியும், ரெண்டு நிமிஷம் விட்டா அரை டம்ளர்தான் காபி. மார்க்கெட்லயும் அதைத்தான் சொல்றாங்க, ஸ்மால்கேப்னா சின்ன கம்பெனி பங்குகள், அங்க கம்பெனி சம்பாதிக்கறது கொஞ்சம், ஆனா எல்லாரும் வாங்கறாங்கன்னு நாமளும் வாங்கி வாங்கி விலை மட்டும் மேல நிக்குது.

இந்த அர்த்தத்துல இந்த வார்த்தை ரொம்ப அடிபட்டது 2005ல. அமெரிக்க மத்திய வங்கித் தலைவரா இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், வீட்டு விலை பத்தி கேட்டப்போ நாடு முழுக்க ஒரே பெரிய குமிழி இல்ல, அங்கங்க சின்னச் சின்ன குமிழி, அதாவது ஃப்ராத்னு சொன்னார். கேக்க பயமில்லாத வார்த்தை, ஆனா 2008ல அந்த வீடுகளுக்குக் கொடுத்த கடன்தான் உலகத்தையே ஆட்டி வெச்சுது. நம்ம ஊர்ல பங்குச்சந்தையை கண்காணிக்கற செபியோட தலைவரா இருந்த மாதபி புரி புச் 2024 மார்ச்ல ஸ்மால்கேப், மிட்கேப் (நடுத்தர கம்பெனி) பங்குகள்ல அங்கங்க ஃப்ராத் இருக்குன்னு சொன்னாங்க, அந்த வாரமே சின்ன கம்பெனி பங்குகள் நல்லா அடி வாங்குச்சு, நிறைய பேர் ஒரே நேரத்துல பணத்தை எடுக்க வந்தா திருப்பித் தர எத்தனை நாளாகும்னு, நம்ம பணத்தை சேர்த்து பங்குல போடற மியூச்சுவல் ஃபண்டுகளும் கணக்கு வெளியிட ஆரம்பிச்சாங்க. அதனால டிவில இந்த வார்த்தை வந்தா பையன அந்த பங்கை வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனியோட லாபம் எவ்ளோன்னு ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க, கடன் வாங்கி மட்டும் போடவே வேண்டாம்.

ரெண்டாவது கேள்விக்கு வரேன். நுரை தள்ளுதுன்னு எழுதினா அர்த்தமே மாறிடும்மா. நமக்கு அது அலுப்பு, ஏர் உழுத மாடு மாதிரி, "கல்யாண வேலை பாத்து நுரை தள்ளிடுச்சு"ன்னு சொல்றோமே அது. இங்கிலீஷ்காரங்களுக்கு அது வெறிநாய் மாதிரி கோபம். அங்க "கோபத்துல கொதிச்சார்"னோ "வெறி பிடிச்ச மாதிரி கத்தினார்"னோ எழுதச் சொல்லுங்க.

ஆனா நிஜமாவே ஒருத்தருக்கு வாயில நுரை தள்ளுச்சுன்னா அது பெரும்பாலும் வலிப்பு, இதை சொல்லாம விட எனக்கு மனசு வரல. எச்சிலை முழுங்க முடியாம மூச்சுக்காத்தோட கலந்து நுரையா வருது, நாக்கை கடிச்சிருந்தா ரத்தமும் சேரும். பாத்தவுடனே சாவிக்கொத்தை தேடி ஓடறோம். வலிப்பு பெரும்பாலும் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா நிக்கும், அந்த நேரத்துல கையில சாவி இருந்ததால சாவிதான் நிறுத்துச்சுன்னு நம்பிட்டோம். சாவி, ஸ்பூன், தண்ணி எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது, கை காலை அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. தலைக்கு கீழ மெத்துனு ஏதாவது வெச்சு, ஒருக்களிச்சு படுக்க வைங்க, நுரை வெளிய வடிஞ்சிடும். அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு வராமலே மறுபடி வந்தாலோ உடனே 108க்கு போன் பண்ணுங்க.