அந்த மூன்று எங்கிருந்து வந்தது?

அன்புள்ள சார்,

பி.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு படிக்கிறேன். பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்கு நூறு. இப்போது ரியல் அனாலிசிஸ் வகுப்பில் தலைகால் புரியவில்லை. 3எக்ஸ்+2 என்ற சார்பு, எக்ஸ் = 1-இல் தொடர்ச்சியானது என்று நிரூபிக்க வேண்டும். புத்தகம் முதல் வரியிலேயே ‘டெல்டா = எப்சிலான்/3 என்க’ என்கிறது. அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘கடைசியில் சரியாக வரும், எழுதிக்கொள்’ என்கிறார்கள். மனப்பாடம் செய்கிறேன். இன்ஜினியரிங்குக்கே போயிருக்கலாம் என்கிறார் அப்பா.

க.

அன்புள்ள க.,

அப்பா சொல்வதை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 3.

ஒரு ரஃப் தாளை எடுங்கள். எக்ஸ் 1 என்றால் சார்பின் மதிப்பு 5. எக்ஸ் கொஞ்சம் நகர்ந்தால் மதிப்பு எவ்வளவு நகரும்? 3எக்ஸ்+2-இலிருந்து 5-ஐக் கழித்தால் 3எக்ஸ்−3. அதாவது, எக்ஸ் நகர்ந்த தூரத்தைப் போல மூன்று மடங்கு. எதிரில் ஒருவர் உட்கார்ந்து, ‘மதிப்பு 0.03 கூட நகரக் கூடாது’ என்கிறார். ‘சரி, எக்ஸை 0.01-க்குள் வைத்துக்கொள்கிறேன்’ என்கிறீர்கள். அவர் 0.003 என்றால் நீங்கள் 0.001. அவர் கேட்பது எப்சிலான், நீங்கள் கொடுப்பது டெல்டா. அவர் எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் உங்களால் கொடுக்க முடிந்தால், அதுதான் தொடர்ச்சி. ரஃப் தாளின் கடைசி வரியில் கிடைத்த 3-ஐ நல்ல தாளின் முதல் வரிக்கு ஏற்றிவிட்டு, ரஃப் தாளைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். புத்தகத்தில் வருவது நல்ல தாள் மட்டும்தான்.

நானும் மனப்பாடப் பேர்வழியாக இருந்தவன்தான். ஒரு பரீட்சையில் எப்சிலான்/3 வர வேண்டிய இடத்தில் எப்சிலான்/2 போட்டு, மூன்று அரைகளைக் கூட்டி ஒரு முழு எப்சிலான் ஆக்கினேன். பத்துக்கு எட்டு மதிப்பெண். திருத்தியவரும் மனப்பாடம்தான் போல.

இதைவிட வழுக்கும் இடம் ஒன்று இனிமேல் வரும். ‘ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு’ என்பதும், ‘எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி உண்டு’ என்பதும் ஒன்றல்ல. வீட்டில் யாரும் இதில் குழம்ப மாட்டார்கள். கரும்பலகையில் எல்லோரும் குழம்புவார்கள். எக்ஸ் நிற்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பூட்டு, டெல்டா சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 3எக்ஸ்+2-க்கு எப்சிலான்/3 என்ற ஒரே சாவி எல்லா இடத்திலும் திறக்கும். எக்ஸின் வர்க்கத்துக்குத் திறக்காது. 1-இலிருந்து 0.01 நகர்ந்தால் வர்க்கம் 0.02 போல நகரும். 100-இலிருந்து அதே 0.01 நகர்ந்தால் 2-க்கு மேல் நகர்ந்துவிடும். போகப்போகச் சாவி சிறுத்துக்கொண்டே போகும்.

பிரான்சின் கணிதவியலாளர் கோஷி 1821-இல், பாரிஸின் எகோல் பாலிடெக்னிக் மாணவர்களுக்காக எழுதிய பாடநூலில், தொடர்ச்சியான சார்புகளைக் கொண்ட ஒருங்கும் தொடரின் (கூட்டிக்கொண்டே போனால் ஒரு மதிப்பை நெருங்கிக்கொண்டே போகும் தொடரின்) கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று நிரூபித்தார். இன்றைய பொருளில் படித்தால் அது தவறு. இந்தச் சாவி விவகாரம்தான்: தொடர் ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக ஒருங்குவது வேறு, எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒருங்குவது வேறு. 1826-இல் நார்வேக்காரர் ஆபெல், சைன் சார்புகளாலான ஒரு தொடரைக் காட்டி, அந்தத் தேற்றத்துக்கு விதிவிலக்குகள் இருப்பதாக அடிக்குறிப்பில் எழுதினார். அப்போது ஆபெலுக்கு 23, 24 வயதுதான். வேறு வேறான அந்த இரண்டு ஒருங்குதல்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பிரித்துப் பேச மேலும் சில பத்தாண்டுகள் ஆயின. நீங்கள் கல்லூரிக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை.

அப்பா விஷயம். இன்ஜினியரிங்கிலும் கணக்கு உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் டெல்டாவைக் கேட்டு உயிரை வாங்க மாட்டார்கள். அது பிடித்திருந்தால் போகலாம், தப்பில்லை. முடிவெடுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எக்ஸின் வர்க்கம், எக்ஸ் = 2-இல் தொடர்ச்சியானது என்று புத்தகத்தைத் திறக்காமல் ரஃப் தாளில் போட்டுப் பாருங்கள். நடுவில் சிக்கும். டெல்டா 1-ஐத் தாண்டக் கூடாது என்று கட்டிப்போட்டால் ஒரு 5 வந்து நிற்கும். அந்த 5 எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எனக்கு எழுதுங்கள்.