காட்டு மண் மீத்தேனை உறிஞ்சுமாமே, மழைக்காலத்தில்தானே அதிகம் உறிஞ்சும்?

இல்லை. நம் ஊர் இலையுதிர் காடுகளில் நேர்மாறு. காடு பச்சையாக இருந்தால் மண்ணும் மும்முரமாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஆய்வுக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மீத்தேனைத் தின்பவை மண்ணுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றுக்குத் தீனி மேலே உள்ள காற்றிலிருந்து இறங்கி வரவேண்டும். மண் துளைகளில் மழைநீர் நிரம்பினால் வழி அடைபட்டுவிடும். காற்றில் பரவுவதைவிட நீரில் மீத்தேன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒன்றரை வருடம் அளந்தேன். பிவிசி குழாயை வளையமாக அறுத்து முந்தின நாளே மண்ணில் பதித்துவிடுவோம். மறுநாள் மூடி போட்டு, ரப்பர் அடைப்பில் ஊசி செருகி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் உள்ளிருக்கும் காற்றை எடுப்போம். தேக்குச் சருகு அப்பளமாக நொறுங்கும் மார்ச்சில், மூடிக்குள் மீத்தேன் 1.9 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பங்கு காற்றில் 1.9 பங்கு) 1.7க்கு இறங்கியது. நவம்பர் மழையில் அதே வளையத்தில் 1.88ஓடு நின்றுவிட்டது. ஓடைக்கரை வளையத்தில் மீத்தேன் அளவு ஏறவே செய்தது.

முதல் முடிவுகளைக் காட்டியபோது குழுவில் ஒருவர், "வெளியேற்றம் மைனஸில் வருமா? போய்க் கருவியைச் சரிபார்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மைனஸ் என்றால் மண் உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். உலகத்து மண் இப்படி ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டன் மீத்தேனை எடுத்துக்கொள்கிறது. அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எல்லாக் காட்டுக்கும் இதே கணக்கு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு காடு போன்ற குளிர்ப் பகுதிகளில் கோடையில் அதிகம், பனிக்காலத்தில் குறைவு. நம் பக்கமும் மண் அடியோடு காய்ந்துபோனால் பாக்டீரியாவே துவண்டு, உறிஞ்சுவது குறையும். ஆகவே வறட்சி நல்லது என்கிறாயா என்று தயவுசெய்து சண்டைக்கு வரவேண்டாம்.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன், முதல் நாள் நான் வைத்த வளையத்தைப் பார்த்துவிட்டுச் சருகைக் காலால் ஒதுக்கினார். "தம்பி, இது கரையான் எடுத்த இடம், தள்ளிப் போடு" என்றார். கீழே மண்பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. கரையான் மீத்தேன் விடும்; அங்கே அளந்திருந்தால் அந்த வளையத்தின் கணக்கு மொத்தமும் கெட்டிருக்கும். கட்டுரை வந்தபோது நன்றிப் பகுதியில் நிதி தந்தவர்கள் இருந்தார்கள், வண்டி தந்த அலுவலகம் இருந்தது. அவர் பெயரை மட்டும் இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள். ஆனைத் தடத்தில் ஒன்றரை வருடம் எனக்கு முன்னால் நடந்தவர் அவர். அவருக்கென்று எடுத்துவைத்த பிரதி இன்னும் என்னிடமே கிடக்கிறது.